பேட்ச்சா, மைனரா? சேஞ்ச்செட்ஸ் கருவி குறித்து ஒரு மதிப்புரை

மென்பொருள் வெளியீட்டுக்கு எண் இடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் கருவிகள் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பல உண்டு. அவற்றுள் சேஞ்ச்செட்ஸ் என்னும் கருவியை, மொரிசியஸின் எபேன் சைபர் சிட்டியில் இருக்கும் எங்கள் சிறிய குழு சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறது. அட்லாசியன் நிறுவனத்துக்குள் உருவாகி, பிறகு திறந்த மூலமாக வெளிவந்த கருவி இது. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால் கட்டணம் எதுவும் இல்லை. ஒரே நிரல் களஞ்சியத்தில் பல பேக்கேஜ்களை (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) வைத்துக்கொண்டு அவற்றைத் தனித்தனியாக, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் வெளியிடுபவர்களுக்காகவே இது முதலில் எழுதப்பட்டது. எங்கள் நிலைமையும் அதுதான். மதிப்புக் கூட்டு வரியைக் கணக்கிட ஒரு பேக்கேஜ், இத்தீவின் அரசு விடுமுறை நாள்களைத் தர ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். போர்ட் லூயிஸ் கணக்காளர் அலுவலகங்களுக்கும் ரோஸ் ஹில், கியூர்ப்பிப் கடைகளுக்கும் மென்பொருள் எழுதித் தருபவர்கள் இவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த மதிப்புரையில் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் கருவியை எடைபோடப் போகிறேன். ஒரு மாற்றம் பேட்ச் வெளியீட்டில் போக வேண்டியதா, மைனர் வெளியீடு வரை காத்திருக்க வேண்டியதா என்று முடிவு செய்ய இக்கருவி எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதே அது. பதிப்பு எண்ணில் மேஜர், மைனர், பேட்ச் என்ற வரிசையில் மூன்று எண்கள் இருக்கும்: 2.4.1 என்பதில் 2 மேஜர், 4 மைனர், 1 பேட்ச். மேஜர் வெளியீட்டைப் பற்றி யாருக்கும் பெரிதாகக் குழப்பம் வருவதில்லை. பழைய நிரல் ஓடாது என்றால் அது மேஜர். சிக்கலெல்லாம் கீழே உள்ள இரண்டு எண்களில்தான்.

கிட்ஹப்பை நிறுவியவர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய செமாண்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பு எண் விதிகளின் 2.0.0 பதிப்பு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பழைய பயன்பாட்டைக் கெடுக்காத பிழைத்திருத்தங்கள் மட்டும் இருந்தால் பேட்ச் எண் ஏறும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்ந்தால் மைனர் எண் ஏறி, பேட்ச் எண் மீண்டும் பூஜ்யமாகும். பிழைத்திருத்தம் என்றால் என்ன என்பதற்கும் அங்கே விளக்கம் உண்டு: தவறான நடத்தையைச் சரிசெய்யும் உள்மாற்றம். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தவறான நடத்தையை நம்பியே தன் மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருப்பவருக்கு அத்திருத்தம் எப்படி வந்து சேரும் என்பதை விதி சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மாற்றத்தை எழுதிய நிரலர். சேஞ்ச்செட்ஸ் அந்த நிரலரிடம் சரியான நேரத்தில் கேட்கிறது என்பதே அதன் மிகப் பெரிய பலம்.

வேலை முடிந்து, தன் நிரல் கிளையைக் களஞ்சியத்துக்குத் தள்ளுவதற்கு முன் சேஞ்ச்செட் கட்டளையை இயக்கினால், எந்தெந்தப் பேக்கேஜ்கள் மாறின என்று கேட்கும். பிறகு பதிப்பு எண் ஏற்றத்தின் வகையையும், ஒரு சிறு விளக்கத்தையும் கேட்டுவிட்டு, மறைவான ஓர் அடைவுக்குள் மார்க்டவுன் கோப்பு ஒன்றை எழுதி வைக்கும். கோப்பின் பெயர் தற்செயலாகக் கோத்த சில ஆங்கிலச் சொற்களாக இருக்கும். உள்ளே மூன்று சிறுகோடுகள், அடுத்த வரியில் மேற்கோள் குறிகளுக்குள் பேக்கேஜின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பேட்ச் அல்லது மைனர் என்ற சொல், மறுபடியும் மூன்று சிறுகோடுகள், அதன் கீழே விளக்கம், அவ்வளவுதான். இந்தக் கோப்பு நிரலோடு சேர்ந்தே புல் ரெக்வெஸ்டில், அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கோரி மதிப்பாய்வுக்கு வைக்கும் வேண்டுகோளில், வந்து நிற்கிறது. ஆகவே மதிப்பாய்வு செய்பவர் நிரலின் ஒரு வரியைக் கேள்வி கேட்பது போலவே பேட்ச் என்ற அந்தச் சொல்லையும் கேள்வி கேட்கலாம். மைனர் என்று மாற்றச் சொல்லலாம். வெளியீட்டு நாளில் வெர்ஷன் கட்டளை இந்தக் கோப்புகளை எல்லாம் திரட்டி, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அவற்றில் மிகப் பெரிய ஏற்றத்தை எடுத்துக்கொண்டு, எண்ணை மாற்றி, சேஞ்ச்லாக் என்னும் மாற்றப் பதிவேட்டில் விளக்கங்களை எழுதி, கோப்புகளை அழித்துவிடும். அந்த நாள் வரும்வரை எவரும் மனம் மாறித் திருத்த முடியும்.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பது செமாண்டிக்-ரிலீஸ் என்ற கருவி. கமிட் செய்தியின், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் களஞ்சியத்தில் பதியும்போது நிரலர் எழுதும் குறிப்பின், முதற்சொல்லை அது படிக்கிறது. ஃபிக்ஸ் என்றிருந்தால் பேட்ச், ஃபீட் என்றிருந்தால் மைனர் என்று தானே முடிவுகட்டி, மனிதக் கை படாமல் வெளியிட்டும் விடுகிறது. ஒரே பேக்கேஜை வைத்துக்கொண்டு நாளுக்குப் பலமுறை வெளியிடும் குழுவுக்கு அது நல்ல கருவி. அதன் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் கமிட் செய்தியில் எழுதப்படுவது நிரலரின் நோக்கம். திருத்துவதற்காகத்தான் எழுதினேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்தத் திருத்தம் பயன்படுத்துபவரிடம் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. சேஞ்ச்செட்ஸ் கமிட் செய்தியையும் வெளியீட்டு வகையையும் பிரித்து வைத்திருப்பதால்தான் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்தப் பிரிவு ஏன் தேவை என்பதற்கு எங்கள் வரிப் பேக்கேஜிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். மொரிசியஸில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். பத்து ரூபாய் பத்து சென்ட் விலையுள்ள பொருள் மூன்று ஒரே ரசீதில் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரி 1.515 ரூபாய், வரிசைதோறும் முழுமையாக்கினால் 1.52, மூன்றுக்கும் சேர்த்து 4.56. மொத்தம் 30.30 ரூபாய்க்கு ஒரே முறை கணக்கிட்டால் 4.545, முழுமையாக்கினால் 4.55. வித்தியாசம் ஒரு சென்ட். மொத்தத்தின் மீது கணக்கிடுவதாக ஆவணத்தில் எழுதிவிட்டு, நிரல் வரிசைதோறும் முழுமையாக்கிக்கொண்டிருந்தால் அது பிழை, சந்தேகமே இல்லை. இத்தகைய திருத்தத்துக்கு எங்கள் குழுவின் இளைய நிரலர் பேட்ச் என்று கோப்பில் எழுதியிருந்தார். “ஃபங்க்ஷன் பெயர் மாறவில்லை, உள்ளீடு மாறவில்லை, இது வெறும் திருத்தம்தானே அண்ணா” என்று கேட்டார். “நாளைக்குக் காலையில் யாருடைய ரசீதில் எண் மாறும் என்று பார் தம்பி” என்றேன்.

என்பிஎம்மில் ஒரு பேக்கேஜை நிறுவினால், பதிப்பு எண்ணுக்கு முன் மேற்கூரைக் குறி தானாக விழும். ^2.4.0 என்றிருந்தால் 3.0.0 வரும்வரை எல்லா மைனர்களும் பேட்ச்களும் ஏற்கப்படும். எச்சரிக்கையான சிலர் அதை ~2.4.0 என்று மாற்றி வைப்பார்கள், அவர்களுக்கு 2.5.0 வராது, 2.4.1 போன்ற பேட்ச்கள் மட்டும் வரும். அவர்கள் நமக்குச் சொல்லும் செய்தி இது: எனக்குப் புதியது எதுவும் வேண்டாம், பழுது பார்த்தது மட்டும் போதும். நிறுவிய பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பைப் புதுப்பித்த மறுநாள் அவர்களுடைய ரசீதுகளில் தொகை மாறினால், நாம் அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறியவர்கள் ஆகிறோம், விதிப்படி நாம் சரியாகவே இருந்தாலும். அந்தத் திருத்தம் மைனரில்தான் போனது. சேஞ்ச்லாகில் கணக்கிடும் முறை என்ன, எந்த ரசீதுகளில் மாற்றம் தெரியும் என்று முழுப் பத்தியாக எழுதினோம். மைனர் வெளியீட்டுக்குள் பேட்ச் அளவிலான மாற்றங்களும் இருக்கலாம் என்று செமாண்டிக் வெர்ஷனிங்கே அனுமதிப்பதால் இதில் விதிமீறலும் இல்லை.

இப்படிச் சொல்வதால், வெளியே தெரியும் திருத்தம் எல்லாமே மைனருக்குப் போக வேண்டும் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். அப்படிச் செய்தால் எச்சரிக்கையாக இருப்பவர்களிடமே தவறு நிரந்தரமாகத் தங்கிவிடும். திருத்தாமல் விடுவதால் வரும் சேதம் பெரிதா, அறிவிக்காமல் மாறுவதால் வரும் சேதம் பெரிதா என்பதே எடைபோட வேண்டியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 10ஆம் பதிப்பிலிருந்து இரண்டே எண்களால் தன்னைக் குறிக்கிறது. அதன் இரண்டாவது எண் ஏறும்போது திருத்தங்கள் மட்டுமே வரும், புதிய வசதி வராது. 2022 ஜூனில் வந்த 14.4 இதற்கு நல்ல உதாரணம். தரவு அட்டவணையைப் பூட்டாமல் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டுப்பட்டியல்) கட்டும் கட்டளையால் இன்டெக்ஸ் சிதையக்கூடும் என்று தெரிந்ததும், வழக்கமான கால அட்டவணைக்குக் காத்திராமல் அதை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவற்றை மறுபடி கட்ட வேண்டிய பெரிய வேலை நிர்வாகிகளுக்கு இருந்தது. இருந்தும் அது சிறிய வெளியீட்டில் வந்ததே சரி, ஏனென்றால் தரவு சிதைவதை விடப் பெரிய சேதம் வேறில்லை.

பைதான் மொழியின் வலைச் சட்டகமான ஜாங்கோவின் அணுகுமுறை இன்னும் கற்கத் தக்கது. முன்பே தெரிந்திருந்தால் அந்த வெளியீட்டையே நிறுத்தி வைத்திருப்போம் என்று சொல்லத்தக்க பிழைகளின் திருத்தங்களைத்தான் அண்மைய பதிப்பின் பேட்ச்சுக்குக் கொண்டுபோகிறார்கள்: தரவு இழப்பு, மென்பொருள் முறிந்து விழுதல், முன்பு ஓடியது இப்போது ஓடாமை, புதிதாகச் சேர்த்த வசதியில் பெரிய குறை போன்றவை. பல ஆண்டுகளாக இருந்து எல்லோரும் பழகிவிட்ட பிழை என்றால், அதன் திருத்தம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அடுத்த வசதி வெளியீட்டுக்குத்தான் போகும். எங்கள் வரி உதாரணம் இந்த அளவுகோலிலும் மைனருக்கே விழுகிறது. சேஞ்ச்செட்ஸ் இத்தகைய அளவுகோல் எதையும் தருவதில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை. குழுவுக்கென்று ஒன்று இருந்தால் அதைப் பதிவு செய்ய இடம் கொடுக்கிறது.

விடுமுறைப் பேக்கேஜில் இதே கேள்வி வேறு விதமாக வருகிறது. பிப்ரவரி 1, மார்ச் 12, நவம்பர் 2 போன்ற நாள்கள் நிலையானவை. தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி ஆகியவை ஆண்டுதோறும் நகர்பவை, அரசு முன்கூட்டியே அறிவிப்பவை. ஈதுல் பித்ர் மட்டும் பிறை தென்படுவதைப் பொறுத்து உறுதியாகும். அடுத்த ஆண்டின் பட்டியலைச் சேர்ப்பதை நாங்கள் மைனர் என்று வைத்திருக்கிறோம்; முன்பு பிழைச் செய்தி தந்த ஆண்டுக்கு இப்போது விடை கிடைப்பது புதிய வசதிதான். பிறை பார்த்த இரவில் நாள் மாறினால் அதைப் பேட்ச்சில் அனுப்புகிறோம். அங்கேயும் விடை மாறுகிறது, சம்பளமும் மாறுகிறது. ஆனால் அது ஒவ்வொருவரிடமும் காலைக்குள் போய்ச் சேராவிட்டால் விடுமுறையில் வேலை செய்தவருக்குக் குறைந்த கூலி போகும். நேர மண்டலத் தரவும் இந்த வகையே. 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை மொரிசியஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திப் பார்த்தது. அடுத்த கோடையில் அதைத் தொடரவில்லை. அத்தகைய தரவை மைனருக்காகக் காத்திருக்க வைத்தால், கடிகாரம் தவறாக ஓடும் கணினிகள்தான் மிஞ்சும்.

ஆவணத்தில் எங்கும் வாக்களிக்காத ஒன்றைக்கூட மக்கள் நம்பி இருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் நாள்கள் எந்த வரிசையில் வரும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் முதலில் வருவதை முகப்பில் காட்டும் செயலிகள் இருக்கின்றன. போதுமான பேர் பயன்படுத்தும் எந்த ஏபிஐயிலும் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகத்திலும்) வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் சார்ந்திருப்பார் என்ற கருத்து ஹைரம் விதி என்ற பெயரில் நிரலர்களிடையே வழங்குகிறது. இத்தீவின் தமிழருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.  1998இல் வந்த புதிய பணத்தாள்களில் தமிழுக்கும் இந்திக்கும் இடையே இருந்த பழைய வரிசை மாறியது. தமிழர்கள் எதிர்த்தார்கள், பணத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. வரிசை மாற்றத்தைப் பேட்ச் என்று யாராவது கோப்பில் எழுதினால் எங்கள் குழுவில் அது மதிப்பாய்வைத் தாண்டுவதில்லை.

கைவிடப்போகும் ஃபங்க்ஷனுக்கு எச்சரிக்கை இடுவது பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பொது ஏபிஐயின் எந்தப் பகுதியையும் கைவிடப்போவதாகக் குறித்தால் மைனர் எண் கட்டாயம் ஏற வேண்டும் என்று செமாண்டிக் வெர்ஷனிங் சொல்கிறது. ஒரு வரிக் குறிப்பு சேர்ப்பதுதானே என்று அதைப் பேட்ச்சில் தள்ளிவிடுவது எங்கும் காணக்கூடிய பழக்கம். சேஞ்ச்செட்ஸ் நிரலைப் படிப்பதில்லை, ஆகவே இதைப் பிடிக்காது. மதிப்பாய்வில்தான் பிடிக்க வேண்டும். நாம் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும்போதும், பிழையைத் தீர்க்கப் புதுப்பித்தோமா, புதிய வசதியைத் தரப் புதுப்பித்தோமா என்று பார்த்தே வகை தீர்மானிக்க வேண்டும் என்பது விதிகளின் நிலைப்பாடு.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். பல பேக்கேஜ்கள் இருக்கும் களஞ்சியத்தில் அது கேள்வி கேட்கும் முறையே முதற்குறை. எவற்றுக்கு மேஜர் என்று முதலில் கேட்கும். எதையும் குறிக்காமல் என்டர் அழுத்தலாம். எவற்றுக்கு மைனர் என்று அடுத்துக் கேட்கும். அதையும் அப்படியே தாண்டலாம். எஞ்சியவை எல்லாம் பேட்ச் என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடும். அதாவது பேட்ச் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை. யோசிக்காதவருக்கு மிஞ்சுவது பேட்ச். மிக அதிகமான பேரிடம் மிக வேகமாகப் போய்ச் சேரும் வெளியீடு இது. அதற்கு வெளிப்படையான ஒப்புதலைக் கேட்பதுதான் முறை. இதை ஈடுசெய்ய எங்களுக்கென ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பேட்ச் என்று வரும் ஒவ்வொரு கோப்பின் விளக்கமும், பயன்படுத்துபவர் என்ன மாற்றத்தைக் காண்பார் என்ற வாக்கியத்தோடு தொடங்க வேண்டும். அந்த வாக்கியம் எழுத முடியாமல் திணறினாலோ மிக நீளமாகப் போனாலோ, அது மைனராக இருக்கும் வாய்ப்பு அதிகம். வெளிக்குத் தெரியாத மாற்றத்துக்கு வெற்றுச் சேஞ்ச்செட் எழுதும் வசதியும் உண்டு. ஆவணத் திருத்தங்களுக்கு அதைப் பயன்படுத்துகிறோம்.

விளக்கம் அப்படியே சேஞ்ச்லாகில் ஏறுவதால், எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வசதியாகப் பிரெஞ்சில் எழுதுகிறோம். கருவி எந்த மொழியையும் தடுப்பதில்லை. மேஜர், மைனர், பேட்ச் என்ற தலைப்புகள் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கின்றன. சிறிய குறைதான்.

பெரிய குறை பியர் சார்புகளைக் கையாளும் விதம். ஒரு பேக்கேஜ் தனக்குத் தேவையான இன்னொன்றை, இன்ன எல்லைக்குள் உள்ள பதிப்பாக, நிறுவுபவரே வைத்திருக்க வேண்டும் என்று அறிவிப்பதே பியர் சார்பு. சம்பளப் பேக்கேஜ் வரிப் பேக்கேஜைப் பியர் சார்பாக அறிவித்திருந்தால், வரிப் பேக்கேஜுக்கு மைனர் ஏற்றம் கொடுத்த உடனே சம்பளப் பேக்கேஜுக்கு மேஜர் ஏற்றம் விழும். பேட்ச் கொடுத்தால் விழாது. அது ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது: பியர் சார்பின் எல்லை மாறினால் நிறுவுபவரும் தன் பக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நேர்மையாக மைனர் என்று எழுதுபவருக்குத் தேவையற்ற ஒரு மேஜர் வெளியீடு தண்டனையாக வருகிறது, பேட்ச் என்று குறைத்து எழுதுபவர் தொல்லையின்றிப் போகிறார். சரியான எண்ணை எழுதச் செய்வதற்காக வந்த கருவி, தவறான எண்ணை எழுதத் தூண்டும் ஒரே இடம் இதுதான். பியர் சார்பு அதிகமுள்ள களஞ்சியங்கள் இதை நன்றாகச் சிந்தித்த பிறகே இக்கருவிக்கு மாற வேண்டும்.

இதற்கு மாற்றும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. புதிய பதிப்பு அறிவித்த எல்லைக்கு வெளியே போனால் மட்டும் பியர் சார்புள்ளவற்றை ஏற்று என்று அமைப்புக் கோப்பில் சொல்லலாம். அந்த அமைப்பு, பரிசோதனை நிலையில் உள்ள, பாதுகாப்பு உறுதியற்ற தேர்வுகள் என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. இவை பேட்ச் வெளியீட்டிலேயே மாறும் என்பதும் அந்தத் தலைப்பின் பெயரிலேயே பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாக முன்கூட்டியே எச்சரிப்பதை நான் பாராட்டுகிறேன். எந்தப் பகுதிக்கு வாக்குறுதி பொருந்தாது என்று பயன்படுத்துபவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாங்கள் அந்தத் தேர்வை இயக்கி வைத்திருக்கிறோம். அதனால் சேஞ்ச்செட்ஸின் பதிப்பு எண்ணுக்கு முன் மேற்கூரைக் குறியோ அலைக் குறியோ இல்லாமல் முழு எண்ணையே எழுதி நிலைநிறுத்தியிருக்கிறோம். அதன் ஒவ்வொரு பேட்ச்சையும் சேஞ்ச்லாகைப் படித்த பிறகு கையால்தான் ஏற்றுகிறோம்.